பிளஸ் டூ நினைவுப் பொருட்கள்: எதற்குப் பணம் போடலாம், எதற்கு வேண்டாம்

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே பன்னிரண்டாம் வகுப்புகளில் பேச்சு தொடங்கிவிடும். ஸ்லாம் புக் போதுமா, குரூப் போட்டோவோடு நிறுத்திக்கொள்வதா, கல்யாண ஆல்பம் மாதிரி ஒன்று போடுவதா, நினைவு மலர் என்று புத்தகமாகவே அச்சடிப்பதா? தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்யப்போகும் மாணவர்களுக்காகவும் அந்தப் பணத்துக்குப் பொறுப்பேற்கும் வகுப்பாசிரியருக்காகவும் இதை எழுதுகிறோம். கடைப் பெயர்களைச் சொல்லவில்லை. ஒரே அச்சகத்திலிருந்து நல்ல புத்தகமும் வரும், ஒரே வருடத்தில் தாள் தாளாகப் பிரியும் புத்தகமும் வரும். ஆர்டர் கொடுக்கும்போது என்னென்ன கேட்டு வாங்கினோம் என்பதைப் பொறுத்தது அது.

ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி வைத்துப் பார்த்தோம். இருபது வருடம் கழித்தும் பொருள் உருப்படியாக இருக்குமா? அதில் உள்ள ஒரு முகத்தைக் காட்டி "இது யாரு?" என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், பார்த்தே பெயர் சொல்ல முடியுமா? முதல் கேள்வியில் தேறும் பல பொருட்கள் இரண்டாவதில் விழுந்துவிடுகின்றன. ஏழு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவரின் பெயரும் ஒருநாள் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராது. அதனால் பெயர் இல்லாத எந்த நினைவுப் பொருளுக்கும் நாங்கள் முழு மதிப்பெண் கொடுக்க மாட்டோம்.

குரூப் போட்டோ

கொடுக்கும் காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான். மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடக் கூடாது. ஆனால் ஸ்டூடியோக்காரர் வந்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனால் என்ன கிடைக்குமோ, அதுதான் பெரும்பாலும் கிடைக்கிறது.

முதலில் வெளிச்சம். காலை எட்டு முதல் ஒன்பதரைக்குள், கட்டடத்தின் நிழல் முழுதாக விழும் பக்கத்தில் பெஞ்சு போடச் சொல்லுங்கள். மரத்தடி அழகாகத் தெரியும், படத்தில் கெடுத்துவிடும். இலைகளின் இடைவெளியில் விழும் வெயில் முகங்களில் திட்டுத் திட்டாகப் படியும். சூரியனைப் பார்த்து நிறுத்தினால் பாதிப் பேர் கண்ணைச் சுருக்குவார்கள். வெள்ளைச் சட்டைச் சீருடை என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சட்டை பளிச்சென்று இருக்கும், முகங்கள் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்ளே வாங்கும் வெளிச்சத்தை, கொஞ்சம் கூட்டி, முதல் படத்தைப் பெரிதாக்கி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடர வேண்டும். சட்டையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

வரிசை நான்கு: தரையில் உட்கார்பவர்கள், நாற்காலியில் ஆசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள், பெஞ்சின் மேல் நிற்பவர்கள். இடம் போதவில்லை என்று கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் இருப்பவர்களின் முகமும் உடலும் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். 24 மி.மீ. லென்ஸ் வேண்டாம், ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா என்றால் 50 மி.மீ., சின்ன சென்சார் கேமரா என்றால் 35 மி.மீ. போட்டுப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முன்வரிசையும் பின்வரிசையும் ஒருசேரத் தெளிவாக விழ லென்ஸின் திறப்பு எஃப்8 அளவில் இருக்க வேண்டும். ஸ்டாண்டில் வைத்து, யாரும் அசையாமல், பத்துப் படமாவது எடுக்க வேண்டும். ஐம்பது பேரில் யாராவது ஒருவர் ஒவ்வொரு படத்திலும் கண்ணை மூடியிருப்பார். ஸ்டாண்டில் எடுத்திருந்தால் அடுத்த படத்திலிருந்து அந்தத் தலையை மட்டும் எடுத்து ஒட்டிச் சரிசெய்யலாம், கையில் பிடித்து எடுத்திருந்தால் அந்த வேலை பெரும்பாடு.

இனி பெயர். "இடமிருந்து வலம்" என்று படத்துக்கு அடியில் வரும் பட்டியலில்தான் அதிகத் தவறு நடக்கிறது. காரணம் எளிமையானது: படம் எடுப்பதற்கு முன்பே வகுப்பில் உட்கார்ந்து பட்டியலை எழுதிவிடுகிறார்கள். பிறகு உயரம் சரியில்லை என்று போட்டோகிராபர் இரண்டு பேரை இடம் மாற்றுவார், தாமதமாக வந்த ஒருவர் ஓரத்தில் சேர்ந்துகொள்வார். அங்கிருந்து வரிசை முழுவதும் ஒரு பெயர் தள்ளிப்போகும். இதற்கு நம்பகமான வழி, கடைசிப் படம் எடுத்ததும் யாரையும் பெஞ்சிலிருந்து இறங்கவிடாமல், ஒருவர் போனில் வீடியோ ஓடவிட்டு ஒவ்வொரு வரிசையாக நடந்துபோவது. அவரவர் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். மூன்று நிமிட வேலை. அந்த வீடியோவைப் பார்த்து எழுதும் பட்டியல் தவறாது. குரல்களும் கூடவே பதிவாகிவிடும். "இடமிருந்து" என்பது படத்தைப் பார்ப்பவரின் இடக்கை என்பதை எழுதுபவருக்குச் சொல்லிவிடுங்கள், நிற்பவரின் இடக்கை என்று நினைத்து எழுதிப் பட்டியலே தலைகீழான படங்கள் உண்டு.

அன்று வராதவர்களை மேல் மூலையில் வட்டத்துக்குள் ஒட்டுவது பழைய வழக்கம். அதைவிட, பட்டியலின் கடைசியில் "படத்தில் இல்லாதவர்கள்" என்று ஒரு வரி போட்டுப் பெயரைச் சேர்ப்பது மேல். பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போனவர், இடையில் வேறு ஊருக்கு மாறியவர் ஆகியோரின் பெயர்களும் அங்கே வரலாம். வர வேண்டும் என்றுகூடச் சொல்வோம்.

அளவில் சிக்கனம் வேண்டாம். வரிசைக்குப் பதினைந்து பேர் நின்றால் 8×12 அங்குலப் படத்தில் ஒருவருக்கு முக்கால் அங்குல அகலம்தான் வரும், முகம் பட்டாணி அளவில் இருக்கும். 12×18 என்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். லேசர் பிரிண்டரில் போட்ட பிரதி வேண்டாம், போட்டோ லேபில் போட்டோ பேப்பரில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஃபிரேம் போட்டால் படம் கண்ணாடியில் நேராக ஒட்டக் கூடாது. மழைக்காலத்து ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்து வரும். சுற்றிலும் மவுண்ட் அட்டை வைத்தால் இடைவெளி கிடைக்கும். வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்லாம் புக்

கடையில் கிடைக்கும் ஸ்லாம் புக்கை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பிடித்த நிறம், பிடித்த நடிகர், பிடித்த சாப்பாடு என்று கேள்விகள் முன்கூட்டியே அச்சாகி இருக்கும். நாற்பது பேர் எழுதினாலும் நாற்பதும் ஒரே மாதிரி இருக்கும். எழுதியவர் யார் என்று பெயரை மறைத்துவிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. பக்கங்களின் நிறச் சாயம் சில வருடங்களில் வெளுக்கும், ஸ்பைரல் கம்பி ஓட்டைகளில் தாள் கிழியும்.

அதே காசுக்குக் கோடு போடாத கெட்டி நோட்டு ஒன்று வாங்கலாம். தாள் 100 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) இருந்தால் நல்லது, மை பின்பக்கம் ஊறாது. நூல் தையல் போட்ட நோட்டாகப் பாருங்கள். எழுதுவதற்குச் சாதாரண பால்பாயிண்ட் பேனா போதும். ஜெல் பேனாக்கள் பலவற்றின் மை தண்ணீரில் கரையும். கையில் வியர்வை இருந்தாலே இழுபடும். ஸ்கெட்ச் பேனா நிறம் சீக்கிரம் மங்கும். போட்டோ ஒட்டுவதற்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், அது காலப்போக்கில் பழுத்து, காய்ந்து உதிர்ந்து, தாளில் பழுப்புக் கறையை விட்டுப்போகும். படத்தின் நான்கு மூலையைச் செருகும் காகித மூலைகள் கடைகளில் கிடைக்கும்.

இன்னொரு செய்தி, உடனடிப் பட கேமராவில் எடுக்கும் சின்னப் படங்கள் பற்றி. இன்ஸ்டாக்ஸ் மினி வகைப் படத்தின் அளவு 62×46 மி.மீ. தான். இரண்டு மூன்று பேருக்கு அழகு, பத்துப் பேர் சேர்ந்து நின்றால் யாருமே தெரிய மாட்டார்கள். ஃபிலிம் பெட்டிக்குப் பத்துப் படம்தான் வரும் என்பதால் செலவும் வேகமாக ஏறும்.

கரிஷ்மா ஆல்பம்

கல்யாணத்துக்குப் போடுவதையே வகுப்புக்கும் போட்டுத் தருகிறோம் என்று ஸ்டூடியோக்கள் சொல்கின்றன. விரித்தால் 12×36 அங்குலம், கிழியாத என்.டி. ஷீட், தட்டையாக விரியும் பைண்டிங். பொருள் தரமானது, அதில் குறையில்லை. ஆனால் ஒரு பிரதியின் விலையில் அச்சுப் புத்தகம் பல பிரதி கிடைக்கும். ஆளுக்கொன்று போடுவது எந்த வகுப்புக்கும் கட்டாது. ஒன்றே ஒன்று போட்டால் அது யார் வீட்டில் இருப்பது என்ற கேள்வி வரும். பள்ளிக்கு ஒரு பிரதி கொடுக்க மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர் போட டிசைனரிடம் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் பூவும் ஒளியும் வந்து நிறைந்துவிடும், பெயருக்கு இடமே இருக்காது.

ஆன்லைனில் ஆர்டர் செய்யும் போட்டோபுக் சேவைகளும் ஏறக்குறைய இதே வகைதான். ஒரு பிரதி வேண்டுமானாலும் தருவார்கள் என்பது நல்ல வசதி. ஆனால் பிரதிக்கு இவ்வளவு என்ற விலை என்பதால் நாற்பது பிரதிக்கு லாபம் இல்லை. தமிழில் எழுதுபவர்கள் முன்னோட்டத்தை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும்: சில டெம்ப்ளேட்டுகளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும், சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

நினைவு மலர்

இங்கேதான் நேரமும் பணமும் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. முகம், பெயர், எழுத்து, கையெழுத்து எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கும் ஒரே வழி இது.

எத்தனை பிரதி என்பதுதான் அச்சு முறையைத் தீர்மானிக்கும். ஆஃப்செட் என்றால் நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட் வீதம் ஒவ்வொரு ஃபாரத்துக்கும் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களுக்கு) போட வேண்டும். மிஷினை ஓட்டி நிறம் சரிசெய்வதற்குள்ளேயே தாள் போகும். பத்துப் பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். ஒரு வகுப்புக்கு ஐம்பது அறுபது பிரதி என்றால் பிளேட் இல்லாமல் நேராக அடிக்கும் டிஜிட்டல் பிரஸ்தான் சரி. பள்ளியின் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து முந்நூறைத் தாண்டினால் ஆஃப்செட் கட்டுபடியாகத் தொடங்கும். இடைப்பட்ட எண்ணிக்கைக்கு இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்கள். சிவகாசி அச்சகங்களில் ஆடிக்குப் பிறகு மார்கழி வரை காலண்டர் வேலை குவிந்திருக்கும். பொங்கலுக்குப் பின் கேட்டால் சின்ன ஆர்டரையும் நின்று கவனிப்பார்கள்.

டிஜிட்டல் பிரஸ் பெரும்பாலும் 13×19 அங்குலத் தாளில் ஓடும். ஏ4 அளவுப் புத்தகத்தை விரித்தால் ஏ3, அதாவது 297×420 மி.மீ. அதற்கு மேல் ஓரம் வெட்ட 3 மி.மீ. சேர்த்தாலும் அந்தத் தாளில் அடங்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் விலை தாவும்.

பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 40 பேர் உள்ள வகுப்புக்கு 48 பக்கமும் தனி அட்டையும் தாராளம்.

பைண்டிங்கில்தான் ஏமாற்றம் அதிகம். பர்ஃபெக்ட் பைண்டிங் என்று முதுகில் சூடான பசை போட்டு ஒட்டித் தருவார்கள். பார்க்கக் கடைப் புத்தகம் மாதிரி இருக்கும். ஆனால் ஆர்ட் பேப்பரின் வழுவழுப்பான பூச்சில் அந்தப் பசை சரியாகப் பிடிக்காது. நாற்பது பேர் கைமாறி நன்றாக விரித்துப் பார்த்தால் நடுப் பக்கங்கள் கழன்று வந்துவிடும். 64 பக்கம் வரை நடுவில் மடித்து இரண்டு பின் அடிக்கும் முறையே உறுதி, விலையும் குறைவு, புத்தகமும் முழுதாக விரியும். கடலோர ஊர் என்றால் துருப்பிடிக்காத பூச்சுள்ள கம்பியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 64 பக்கத்துக்கு மேல் போனால் ஃபாரம் ஃபாரமாக நூல் தையல் போட்டு, பிறகு அட்டை ஒட்டச் சொல்லுங்கள். கூடுதல் செலவுதான். மற்ற எதில் குறைத்தாலும் இதில் குறைக்க வேண்டாம்.

தாளை இரண்டு வகையாகப் பிரிப்பது நல்லது. படப் பக்கங்களுக்கு 130 ஜி.எஸ்.எம். மேட் ஆர்ட் பேப்பர். பளபளக்கும் கிளாஸ் தாள் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டு முகம் தெரியாது, விரல் ரேகையும் படியும். எழுத்துப் பக்கங்களுக்கு 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத சாதாரண வெள்ளைத் தாள். கடைசி எட்டுப் பக்கத்தை மேப்லித்தோவில் வெறுமையாக விட்டுவிடுங்கள். பிரிவு உபசார விழா அன்று ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட அதுதான் இடம். தனியாக ஆட்டோகிராப் நோட்டு தேவைப்படாது. முழுப் புத்தகத்தையும் ஆர்ட் பேப்பரில் அடித்துவிட்டால் பால்பாயிண்ட் வழுக்கும், ஜெல் மை உலராமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டும் லேமினேஷனும். டிஜிட்டலில் அடர்நிற அட்டை போட்டால் மடிப்பில் டோனர் (டிஜிட்டல் பிரஸ்ஸின் மை) வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். லேமினேஷன் ஒட்டி, மடிப்புக் கோட்டை முதலில் அழுத்தி எடுத்த பிறகே மடிக்கச் சொல்ல வேண்டும்.

படங்களைச் சேகரிப்பது பாதி வேலை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்ஸலுக்குச் சுருங்கிவிடும். 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சடித்தால் அது 13.5 செ.மீ.க்கு மேல் தாங்காது. ஏ4 முழுப் பக்கத்துக்கு 2480×3508 பிக்ஸல் வேண்டும். எனவே டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது போனிலிருந்து கேபிள் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்த படத்தை வாங்கவே வேண்டாம்.

தனித்தனி முகப் படத்துக்கு ஆளாளுக்குக் கைவசம் உள்ள பாஸ்போர்ட் படத்தைக் கேட்டால் ஒருவருக்குப் பத்தாம் வகுப்பில் எடுத்த நீலப் பின்னணி, இன்னொருவருக்குச் சிவப்பு, மூன்றாமவருக்குத் திருவிழாவில் எடுத்ததை வெட்டியது என்று பக்கமே கலங்கலாக வரும். ஒரே சுவர், ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே போன், ஒரே தூரம். ஒரு மதிய இடைவேளையில் நாற்பது பேரையும் எடுத்துவிடலாம். 35×45 மி.மீ. அளவுக்கு 413×531 பிக்ஸல் போதும், எந்தப் போனும் அதற்கு மேல் தரும். படத்தின் கோப்புப் பெயரை அங்கேயே வருகைப் பதிவு எண்ணாக மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டதால் முகம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்று அச்சான மலர்களை யாரும் திருத்த முடியாது.

குரூப் போட்டோவை இரண்டு பக்கத்தில் பரப்பிப் போட வேண்டும் என்று எல்லா டிசைனரும் ஆசைப்படுவார்கள். பசை போட்ட புத்தகத்தில் நடுவில் நிற்கும் நான்கு பேர் முதுகுக்குள் போய்விடுவார்கள். நாற்காலி வரிசையில் நடுவில் இருப்பவர் பெரும்பாலும் தலைமையாசிரியர்! படத்தைத் திருப்பி ஒரே பக்கத்தில் நீளவாக்கில் போடுங்கள். நடுவில் பின் அடித்த புத்தகம் என்றால் சரியாக நடுத்தாளில் மட்டும் இரண்டு பக்கமாகப் போடலாம், அங்கே தாள் ஒன்றேதான் என்பதால் எதுவும் மறையாது. பின் விழும் இடத்தில் முகம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. திரையில் பளீரென்று தெரியும் நீலம் அச்சில் ஊதாவாக வரும், கண்ணைப் பறிக்கும் பச்சை மங்கிப்போகும். திரையின் நிறக்கலவை வேறு, சி.எம்.ஒய்.கே. என்ற நான்கு அச்சு மையின் கலவை வேறு. எழுத்து முழுவதும் வெறும் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும்; நான்கு நிறமும் கலந்த கறுப்பாக இருந்தால் பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் தட்டும், சின்ன எழுத்தைப் படிக்க முடியாது.

எழுத்துருவும் பெயரும்

தமிழ் நினைவு மலர்களைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். மாணவர்கள் போனில் யூனிகோடில் தட்டித் தருவார்கள். பல டி.டி.பி. நிலையங்களில் இன்னும் பழைய பேஜ்மேக்கரோ பழைய கோரல்டிராவோ வைத்து, பாமினி போன்ற எழுத்துருவில் வேலை நடக்கும். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. எனவே கன்வெர்ட்டரில் போட்டு மாற்றுவார்கள். அப்போது "ஸ்ரீ", "க்ஷ" போன்ற எழுத்துகள் சிதறும். போனில் "ஔ" என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் "ஒள" என்று ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டியிருந்தால் அதுவும் அப்படியே வந்து உட்காரும். கமா, மேற்கோள் குறி, எண்கள்கூட வேறு எழுத்தாக மாறிவிடலாம். இன்டிசைனில் நேராக யூனிகோடிலேயே வேலை செய்பவர் கிடைத்தால் அவரிடம் கொடுங்கள். அங்கேயும் எழுத்துகளை அடுக்கும் அமைப்பில் "வேர்ல்ட்-ரெடி" கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் "கெ", "கே", "கொ" எல்லாவற்றிலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். விலை பேசுவதற்கு முன் ஒரு பத்தியைக் கொடுத்து அடித்துக் காட்டச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மெய்ப்பு பார்ப்பது தமிழாசிரியரின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. கட்டுரைகளை அவர் திருத்தலாம். பெயர் அவரவருடையது. கனிமொழியைக் "கணிமொழி" என்றும் வாணியை "வானி" என்றும் அடித்தால் அவர்களுக்குத்தான் உறுத்தும். பொதுத்தேர்வுக்காகப் பள்ளி அனுப்பும் பெயர்ப் பட்டியலை வைத்து முதலில் ஒப்பிடுங்கள், முன்னெழுத்து உட்பட. பிறகு அச்செடுத்த பக்கத்தைச் சுற்றுக்கு விட்டு, ஒவ்வொருவரும் தன் பெயருக்கும் படத்துக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போன் திரையில் பார்த்து "ஓகே" சொல்வது கணக்கில் வராது. நாற்பது கையெழுத்தும் விழுந்த பிறகே அச்சுக்கு அனுமதி.

என்ன எழுதச் சொல்வது

"மறக்க முடியாத நாள்" என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பது கட்டுரையிலும் ஆண்டு விழா வரும், சுற்றுலா வரும், கண்ணீர் வரும். படிக்க ஆள் இருக்காது. சின்னச் சின்னக் கேள்விகள் கேளுங்கள், எண்பது சொல்லுக்குள் பதில் கேளுங்கள். எந்த பஸ்ஸில் வந்தாய், தவறவிட்டால் அடுத்தது எப்போது? ஆறாம் வகுப்பில் முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தது யார்? உப்புப் பகுப்பாய்வில் உனக்கு வந்த உப்பு எது, கண்டுபிடித்தாயா? ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வெளியே வந்தால் என்ன வாங்கித் தின்பீர்கள், என்ன விலை? இருபது வருடம் கழித்து முதலில் படிக்கப்படுவது அந்த விலைதான்.

கால அட்டவணை, அந்த வருட ஆசிரியர் பட்டியல், மணி அடிக்கும் நேரங்கள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் அப்படியே போடுங்கள். அலுவலக உதவியாளர், ஆய்வக உதவியாளர், காவலர், துப்புரவுப் பணியாளர், சத்துணவுக் கூடத்தில் இருப்பவர்கள் ஆகியோரின் படமும் பெயரும் ஆசிரியர்களோடு சேர்ந்தே வரட்டும்.

அந்தந்த வகுப்புக்கு மட்டுமே உரிய பொதுச் செய்தி ஏதாவது இருந்தால் அதை எழுதாமல் விடாதீர்கள். 2022-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவால் 2020-இல் அவர்களின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை, 2021-இல் பதினொன்றாம் வகுப்பிலும் தேர்வில்லாமலே தேர்ச்சி. 2022 மே மாதம் எழுதிய பிளஸ் டூ தேர்வுதான் அவர்களுக்கு முதல் பொதுத்தேர்வு. இப்படி ஒரு வகுப்பின் மலரில் இதைப் பற்றி ஒரு பக்கம் இல்லையென்றால் அது எந்த வருட மலராகவும் இருந்துவிடலாம்.

கையெழுத்தில் எழுதியதை அப்படியே போட விரும்பினால் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதச் சொல்லி ஸ்கேனரில் எடுங்கள். கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மை வெளிறிப்போகும், கோடுகள் மட்டும் தெளிவாகத் தெரியும். போனில் எடுத்தால் தாளின் ஒரு பக்கம் நிழல் விழும்.

போன் நம்பர், வீட்டு முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை அச்சில் போட வேண்டாம். நம்பர் மாறிவிடும், மாறாதவரை தெரியாதவர் கைக்கும் போகும். படம் போட விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் பெயரும் எழுத்தும் மட்டும் போடுங்கள்.

எப்போது தொடங்குவது

பொதுத்தேர்வு மார்ச்சில், செய்முறைத் தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில். பிப்ரவரி நடுவில் புத்தகம் கையில் இருக்க வேண்டுமென்றால் குரூப் போட்டோவும் முகப் படங்களும் நவம்பரில் முடிந்திருக்க வேண்டும். எழுத்துகள் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வாங்கியாக வேண்டும். விடுமுறையில் எழுதித் தருகிறேன் என்றவர்களில் பாதிப் பேர் தர மாட்டார்கள். ஜனவரியில் வடிவமைப்பு, பொங்கல் முடிந்து மெய்ப்பு, மாதக் கடைசியில் அச்சு. இது முடியாது என்று தெரிந்தால் அவசரப்படாமல், தேர்வு முடிவுக்குப் பிறகு சான்றிதழ் வாங்க வரும் நாளுக்குத் தள்ளிவையுங்கள். விழாப் படங்களும் உள்ளே வரும். ஒரு குறை: அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள், வெறும் பக்கங்களில் கையெழுத்து வாங்குவது பாதியில் நிற்கும்.

பிரதி எண்ணிக்கையைக் கணக்கிடும்போது மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள், பள்ளி நூலகத்துக்கு இரண்டு, அதற்கு மேல் ஐந்து சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்ட முடியாதவர்களுக்கும் பிரதி போக வேண்டும். தலைக்கு வரும் தொகையை முதலிலேயே அதற்கேற்ப வைத்துவிட்டால் யாரையும் தனியாகப் பேர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்காது. அச்சகத்தில் விலை கேட்கும்போது அளவு, பக்கம், உள்தாள், அட்டை, லேமினேஷன், பைண்டிங், பிரதி எண்ணிக்கை, வரி சேர்த்தா சேர்க்காமலா, திருத்தத்துக்குப் பின் மறு புரூஃபுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையில் "நல்ல தாள்" என்று கேட்டால் கடையில் அன்று இருக்கும் தாள்தான் நல்ல தாள்.

டிரைவில் போட்டு வைத்தால் போதாதா

போதாது. பள்ளி தந்த கூகுள் கணக்கில் வைத்திருந்தால் படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கு மூடப்படலாம். சொந்தக் கணக்கு என்றாலும் இரண்டு வருடம் தொடாமல் கிடந்தால் அழித்துவிடும் உரிமை கூகுளுக்கு உண்டு. வரம்பில்லாத இலவசப் படச் சேமிப்பும் 2021 ஜூன் முதல் கிடையாது. வீடியோவுக்காகப் புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு போடுபவர்கள் கவனிக்க: சந்தா கட்டி எடுக்கும் "டைனமிக்" கோடு சந்தா நின்றதும் செத்துவிடும். முகவரி நேராக உள்ளே பதிந்த சாதாரண கோடு போடுங்கள், அந்த முகவரியை அடியில் எழுத்திலும் அச்சடியுங்கள்.

கடைசித் தவணையைக் கட்டும் முன் அச்சகத்திடமோ டி.டி.பி. நிலையத்திடமோ கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு: வடிவமைத்த மூலக் கோப்பு, அதில் பயன்படுத்திய படங்கள், எழுத்துரு, அச்சுக்குப் போன பி.டி.எஃப். இந்த நான்கும் ஒரே ஃபோல்டரில் வேண்டும். சில மாதங்களில் அங்கே அழித்துவிடுவார்கள். மூன்று பேர் ஆளுக்கொரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வீடியோவையும் அதோடு சேர்த்து. பத்து வருடம் கழித்துக் கூடும்போது தொலைத்தவர்களுக்கு மறுபிரதி அடிக்க அந்த ஃபோல்டர் தேவைப்படும்.